தண்ணீருக்குள் போன கேமராவும் போகாத கேமராவும்

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் படக் கவரின் மேல் பெயர், எத்தனை காப்பி, எந்த நாளுக்கு வேண்டும், அவ்வளவுதான். நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் பேனாவைப் பிடிப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரிகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வேண்டியதை வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டவன் நான். எழுதியாவது வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

பாலக்கோட்டில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் அளவுப் படம், காதுகுத்து, கல்யாணம், பள்ளிக்கூட குரூப் போட்டோ என்று போய்க்கொண்டிருக்கிறது. என்னிடம் இரண்டு கேமராக்கள். ஒன்று பழைய டி.எஸ்.எல்.ஆர். தருமபுரியில் கடையை மூடிய ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. பதினாலு வருஷமாக என் கழுத்தில் தொங்குகிறது. பிடியில் இருந்த ரப்பர் உரிந்துபோய், சைக்கிள் டியூப் ஒட்டும் சொல்யூஷன் வைத்து நானே ஒட்டியிருக்கிறேன். உள்ளே எங்கோ ஒரு தூசி உட்கார்ந்துவிட்டது. வானத்தை எடுத்தால் வலது மூலையில் ஒரு சாம்பல் புள்ளி விழும். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படத்திலும் அதை அழிக்க வேண்டும். ஆனாலும் அந்த கேமரா பொய் சொல்லாது. புடவையில் ஜரிகை இருந்தால் ஜரிகை இழையாகவே தெரியும். கிழவர் கன்னத்தில் நாலு நாள் தாடி இருந்தால் முடி முடியாகத் தெரியும். அதற்கு ஒரே எதிரி தண்ணீர். தூறல் விழுந்தால்கூட சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடுவேன்.

இன்னொன்று தண்ணீருக்குள் போகும் சின்ன கேமரா. மஞ்சள் நிறம், சோப்பு டப்பா அளவு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒகேனக்கல்லில் அருவிக் குளியல் படம் எடுக்கப் போவேன். சாரலில் பெரிய கேமராவை வெளியே எடுக்க முடியாது என்பதால் இதை வாங்கினேன். பேட்டரி மூடிக்கு இரண்டு பூட்டு, உள்ளே ஒரு ரப்பர் வளையம். அதில் ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும் என்பதால், ஒவ்வொரு தடவையும் பருத்தித் துணியால் துடைப்பேன். கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. ஐம்பது அடித் தண்ணீர் வரை தாங்கும் என்று அதன் அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது.

இரண்டில் எது நல்லது என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். எதற்கு வேண்டும் என்பதைப் பொறுத்தது என்று சொல்லி அனுப்புவேன். சின்ன கேமராவின் குறை என்னவென்றால், வெளிச்சம் குறைந்த இடத்தில் அது தடுமாறும். தெரியாத இடத்தைத் தெரிந்த மாதிரி மெழுகிவிடும். துணியில் நூல் இருக்காது, முகத்தில் தோல் இருக்காது. எல்லாம் வண்ணம் கரைத்துப் பூசின மாதிரி வரும். அருவியில் நனைந்து சிரிக்கிறவர்களுக்கு அதுவே பிடித்திருந்தது. அதனால் நானும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பெரிய கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துளை இருக்கிறது. முகத்தை அதற்குப் பின்னால் மறைத்துக்கொள்ளலாம். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு அது பெரிய வசதி. கல்யாண வீட்டில் 'கொஞ்சம் நகருங்க' என்று சொல்லவே எனக்கு நாக்கு எழாது. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றால் அவர்களாகவே நகர்வார்கள். சின்ன கேமராவில் அந்தத் துளை கிடையாது. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரையைத்தான் பார்க்க வேண்டும். நம் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள்.

போன கோடையில் ஒரு புதன்கிழமை, பதினோரு மணி இருக்கும். எங்கள் ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு கிராமத்துக்காரர் பைக்கில் வந்து கடை வாசலில் நின்றார். எங்களைப் போலக் கிறிஸ்தவக் குடும்பம், தக்காளி போடுகிறவர்கள். அவரை எனக்கு ஆள் தெரியும்.

"அண்ணா, தண்ணிக்குள்ள போற கேமரா ஒண்ணு வெச்சிருக்கீங்களாமே. அதை எடுத்துக்கிட்டு கொஞ்சம் வர முடியுமா?"

அவருடைய தம்பியைத் திங்கட்கிழமை விடிகாலையிலிருந்து காணவில்லை. செருப்பு கிணற்று மேட்டில் கிடந்தது. போன் அணைந்திருந்தது. செவ்வாய்க்கிழமை தீயணைப்புக்காரர்கள் வந்து பாதாளக் கரண்டி போட்டு சாயங்காலம் வரை துழாவினார்கள். ஒன்றும் மாட்டவில்லை. கிணற்றுக்குள் பாறை குடைவாக இருக்கிறது, உள்ளே இருந்தால் தானாக மேலே வரும், அவசரம் என்றால் தண்ணீரை இறைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

"அவன் பெங்களூருதாண்ணா போயிருப்பான். முன்னயும் ரெண்டு வாட்டி சொல்லாமப் போனவன்தான். பெங்களூருன்னா ஷூ போட்டுக்கிட்டுத்தான் போவான். வூட்டுல ஷூவக் காணோம். ஞாயித்துக்கெழமை ராத்திரி பொண்டாட்டிகிட்ட, நான் கட்டட வேலைக்கே போயிடறேன்னு சண்டை போட்டிருக்கான். இருந்தாலும் மனசு கேக்கல. ஒருக்கா பாத்துட்டா நல்லது."

பைக்கில் போகும்போது மீதியைச் சொன்னார். அது பங்குக் கிணறு. அண்ணன், தம்பி இருவருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, வேறு இரண்டு குடும்பங்களுக்கு மற்ற இரண்டு பங்கு. நான்கு பேருக்கும் தக்காளி அப்போதுதான் மூன்றாம் பறிப்புக்கு வந்திருந்தது. கோடையில் கிணற்றை ஒட்ட இறைத்தால் ஊற்று மறுபடி தேங்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதுவரை செடி நிற்காது. இறைக்கலாம் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்போதுதான் யாரோ என்னுடைய கேமராவை ஞாபகப்படுத்தியிருக்கிறார்கள். தண்ணீரும் தப்பும், சந்தேகமும் தீரும்.

நானும் விவசாயி மகன்தான். அவர்களைக் கெட்டவர்கள் என்று எழுத எனக்கு மனசு வராது. வெயிலில் செடி துவண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

கிணறு பாறையில் வெட்டினது. அறுபதடி ஆழம். பாதி வரை படி, அதற்குக் கீழே இரும்புக் கம்பி வளையங்கள். தண்ணீர் இருபது, இருபத்தைந்து அடி நிற்கும். கரும்பச்சையாக இருந்தது. மூன்று மோட்டார் பைப்புகள் அதற்குள் இறங்கிப் போயின. மேட்டில் ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். பெண்கள் தள்ளி ஒரு புங்க மரத்தடியில் இருந்தார்கள்.

நான் பைக்கிலிருந்து இறங்கியதும் அந்த மரத்தடியிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். முப்பது வயதிருக்கும். காணாமல் போனவரின் மனைவி. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, ஆனால் அழவில்லை.

"அண்ணா, உள்ள இருந்தா இருக்குதுன்னு சொல்லிடுங்க. எனக்காக மறைக்காதீங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, நான் பெங்களூரு போயித் தேடுவேன். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

சரிம்மா என்று தலையாட்டினேன். அவருடைய நாத்தனார் வந்து அவரை மரத்தடிக்குக் கூட்டிப்போய்விட்டார். ஆண்கள் நிற்கும் இடத்தில் பெண்கள் நிற்க வேண்டாம், ஏதாவது இருந்தால் பார்த்துப் பயந்துவிடுவார்கள் என்றார்கள். அது சரிதான் என்று எனக்கும் அப்போது பட்டது.

பங்குக்காரர்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அறுபது தாண்டியவர், குத்தலாகப் பேசுகிறவர். என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இதா கேமரா? எம் பேத்தி தீப்பெட்டி இதவிடப் பெருசா வெச்சிருக்கா" என்றார்.

இன்னொருவர், "போட்டோக்காரரே, பாஸ்போர்ட் சைஸ் எடுத்துடாதீங்க. முழுக் கெணறும் வரணும்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன்காரர் சிரிக்கவில்லை. சிரித்தவர்களும் உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

ரப்பர் வளையத்தைத் துடைத்தேன். இரண்டு பூட்டையும் போட்டேன். ஐந்து விநாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி வைத்தேன். நைலான் கயிற்றில் பாதாளக் கரண்டியைக் கனத்துக்குக் கட்டி, அதற்கு மேலே கேமராவைச் சாய்வாகக் கட்டினேன். இரண்டு பேர் படியில் இறங்கிக் கயிற்றை மெல்ல விட்டார்கள். மஞ்சள் டப்பா பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் தூரம் தெரிந்தது. ஒவ்வொரு ஐந்து விநாடிக்கும் உள்ளே ஒரு வெளிச்சம் வெட்டியது. பிறகு அந்த வெளிச்சமும் தெரியவில்லை.

இரண்டு தடவை இறக்கினோம். மேலே எடுத்தபோது மணி இரண்டு. உச்சி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. அதனால் தலைக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு பார்த்தோம். திரை மூன்று விரல் அகலம். நான், அண்ணன்காரர், மூத்த பங்குக்காரர், மூன்று தலையும் ஒரே துண்டுக்குள். வேர்வை நாற்றத்தில் மூச்சு முட்டியது.

முக்கால்வாசிப் படத்தில் வெறும் வெள்ளைப் புள்ளிகள். தண்ணீரில் கலங்கியிருந்த தூசியில் பிளாஷ் பட்டுத் திரும்பியது. அடுத்தவற்றில் பாறை, பைப்பு, எப்போதோ விழுந்த ஒரு பிளாஸ்டிக் குடம். பிறகு ஒரு படம் வந்தது. பைப்பின் அடியில், குடைவின் ஓரமாக, வெளுப்பாக ஏதோ மடிந்து கிடந்தது. அதன் மேல் கோடுகள் இருந்தன.

"இது என்னா?" என்றார் அண்ணன்காரர். அவர் குரல் மாறிவிட்டது.

"சாக்குடா. போன வருசம் குப்பை ஏறுதுன்னு பைப்பு அடியில புட்வால்வுல சாக்கு கட்டி எறக்கனோமே, மறந்துட்டியா?" என்றார் மூத்தவர்.

"ஆமா. கட்டனோம்."

"கட்டம் கட்டமாத் தெரியிற மாதிரி இருக்குதுங்களே" என்றேன். நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"உர மூட்டைச் சாக்குல எழுத்து இருக்காதா? அதான் அப்பிடித் தெரியிது."

துண்டை எடுத்தார்கள். வெளியே நின்ற அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மறைத்துக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை.

"உங்க கேமரா. நீங்களே சொல்லுங்க" என்றார் மூத்தவர். மிரட்டிச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார். அவருக்குப் பின்னால் தக்காளிக் காடு சரிவு முழுக்கச் சிவந்து கிடந்தது.

"ஆள் மாதிரி இல்லீங்க" என்றேன்.

அண்ணன்காரர் மரத்தடியைப் பார்த்து, "உள்ள இல்ல! அவன் உள்ள இல்ல!" என்று கத்தினார். அங்கே ஒரே நேரத்தில் பேச்சும் அழுகையும் கிளம்பியது. அந்தப் பெண் என்னிடம் ஓடிவந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

"நல்ல வார்த்தை சொன்னீங்கண்ணா. மாதாவே வந்து சொன்ன மாதிரி இருக்குது."

நான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தேன். முடிச்சு எப்போதோ அவிழ்ந்துவிட்டது.

சாயங்காலம் கடையில் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன். பெரிதாக்கப் பெரிதாக்கத் திட்டுத் திட்டாகக் கரைந்துபோயிற்று. சாம்பல், வெளிர்நீலம், ஒரு ஓரத்தில் கறுப்பாக ஒரு இழுப்பு. கட்டமா எழுத்தா என்று தெரியவில்லை. என் பழைய கேமராவாக இருந்தால் நூல் நூலாகக் காட்டியிருக்கும். ஆனால் அது தண்ணீரில் இறங்காது. இறங்குகிற கேமராவுக்குப் பார்வை இல்லை, பார்வை உள்ளதற்கு இறங்க வழியில்லை. இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது. குற்றம் கேமராவின் மேல் போய்விட்டது.

அண்ணன்காரர் நம்பர் போனில் இருந்தது. எடுத்தேன். என்ன சொல்வது? சந்தேகமாக இருக்கிறது, கிணற்றை இறையுங்கள் என்றா? இறைத்து, அது சாக்காக இருந்துவிட்டால் நான்கு குடும்பத்துத் தக்காளி என் பேச்சால் போகும். போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை காலை ஏழரைக்குக் கடையைத் திறக்கும்போது அந்தப் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை. ஓசூர் பஸ்ஸுக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்திருந்தார்.

"பேங்க் புக்குக்கு இவரை நீங்கதாண்ணா போட்டோ எடுத்தீங்க. அது இருக்குமா? கட்டடம் கட்டற எடத்துலயெல்லாம் காட்டிக் கேக்கணும்."

இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய கேமராவில் எடுத்தது. அவர் முகம் திரையில் வந்தது. இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. சட்டைக் காலரில் ஒரு நூல் பிரிந்து நின்றது கூடத் தெரிந்தது.

"போட்டோன்னா சிரிக்கவே மாட்டாரு. இப்பிடித்தான் முறைப்பாரு" என்றார்.

பன்னிரண்டு காப்பி போட்டேன். அது வெளியே வரும் நேரம், காயும் நேரம், கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டும் நேரம், கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதே கம்ப்யூட்டரில், பக்கத்துப் போல்டரில் கிணற்றுப் படம் இருந்தது. இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை, "எங்கம்மா தங்குவீங்க?" என்று கேட்டேன். தெரிந்தவர்கள் ஒரு ஷெட்டில் இருக்கிறார்கள் என்றார். இன்னொரு தடவை ஒன்றும் கேட்கவில்லை.

"வந்ததும் அவரையே கூட்டிக்கிட்டு வர்றேண்ணா. ஒரு பெரிய போட்டோ எடுத்துடலாம், ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். இந்த மாதிரி நேரத்தில் படம் எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். "கெணத்துல பாடி. பெரிய கேமராவ எடுத்துக்கிட்டு வாங்க. தெளிவா இருக்கணும்" என்றார் ஏட்டு. எந்தக் கிணறு என்று நான் கேட்கவில்லை.

மூன்று நாளாக முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியதில் கிணற்றில் பத்தடிக்கு மேல் இறங்கியிருந்தது. குடைவுக்குள் மாட்டியிருந்த உடல் விடுபட்டு மேலே வந்துவிட்டது. கயிற்றுக் கட்டிலை இறக்கித் தூக்கினார்கள். ஏட்டு சொன்ன பக்கத்திலிருந்தெல்லாம் எடுத்தேன். முகம், கை, கால், தலையின் பின்பக்கம். பழைய கேமரா எதையும் மெழுகவில்லை. அது வேலையைச் சரியாகச் செய்தது. துளையில் கண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினேன். முப்பத்திரண்டு படம். அவற்றில் என்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். இடுப்பில் நீலக் கட்டம் போட்ட லுங்கி இருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பைப்பை மேலே தூக்கிப் பார்த்தபோது அதன் அடியில் அந்தச் சாக்கும் இருந்தது. கட்டியது கட்டியபடி இருந்தது. இரண்டும் ஒரு கை தூரத்தில் இருந்திருக்கின்றன. மோட்டாரைப் பார்க்க இறங்கி, கம்பி வளையத்தில் கால் தவறியிருக்கும் என்று போலீஸில் எழுதினார்கள். ஷூ எங்கே போனது என்று இன்று வரை யாருக்கும் தெரியாது.

மூத்த பங்குக்காரர் மேட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார்கள். அவர் எங்கோ ஒரு கட்டடத்தில் படத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாராம். பன்னிரண்டு மணிக்குத்தான் போனை எடுத்தார். தருமபுரி ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துக் கொடுக்க மூன்று மணி ஆயிற்று. வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், நேராகக் கல்லறைக்குப் போய்விடுங்கள் என்று அங்கேயே சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் ஆட்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பம் முழுவதும் பெட்டியைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். இறந்தவர் முகம் தெரிய, தலைமாட்டில் மனைவியோ கணவனோ நிற்க வேண்டும். எத்தனையோ வீடுகளில் நான் எடுத்திருக்கிறேன். அன்றைக்குப் பெட்டி ஆஸ்பத்திரியிலேயே ஆணி அடித்து வந்தது. தலைமாட்டில் நிற்க வேண்டியவர் ஓசூர் தாண்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். சர்ச் சாமியார் ஐந்து மணி வரை பார்த்தார். காற்று எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. தீர்த்தம் தெளித்து இறக்கினார்கள்.

"மூடின பெட்டியவாவது ஒண்ணு எடுங்கண்ணா. அவ கேப்பா" என்றார் அண்ணன்காரர். எடுத்தேன்.

அந்தப் பெண் வந்தபோது ஆறு மணி. மண் ஈரமாகக் குவிந்திருந்தது. துணிப்பையோடு கொஞ்ச நேரம் நின்றார். "மூஞ்சிய ஒருத்தராவது பாத்தீங்களா? அவருதானா?" என்று கேட்டார். அவருதாம்மா என்று யாரோ சொன்னார்கள். பைக்குள் மீதியிருந்த பாஸ்போர்ட் படங்கள் ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே நின்றேன்.

திங்கட்கிழமை மூன்று மோட்டாரையும் போட்டுப் பங்குக்காரர்கள் கிணற்றை ஒட்ட இறைத்தார்கள். பிணம் கிடந்த தண்ணீரைச் செடிக்குக்கூட விட முடியாது என்று ஓடையில் விட்டார்கள்.

எட்டாம் நாள் பூசை முடிந்து, மத்தியானம் அந்தப் பெண் கடைக்கு வந்தார். கூட வந்த அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"போலீசுக்கு எடுத்தீங்களே, அதைக் காட்டுங்கண்ணா."

"வேண்டாம்மா."

"நான் அவரு பொண்டாட்டி. ஊரே பாத்துச்சு. நான் பாக்கக் கூடாதா?"

"அது அவரு மொகமா இல்லம்மா. அந்தக் கேமரா எல்லாத்தையும் காட்டிடும். நீங்க வெச்சிருக்கற மொகத்த அது அழிச்சுடும்." அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "அப்ப மொதல்ல தண்ணிக்குள்ள எடுத்தீங்களே, அதைக் காட்டுங்க" என்றார்.

அதற்கு வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. போல்டரைத் திறந்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளினேன். வெள்ளைப் புள்ளி. பாறை. குடம். அந்தப் படம் வந்தபோது வேகமாகத் தள்ளிவிடலாம் என்று விரல் பட்டனில் இருந்தது.

"நில்லுங்க."

அவர் திரைக்குப் பக்கத்தில் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார். நான் பெரிதாக்கக்கூட இல்லை.

"இது அவரு லுங்கி."

நான் பட்டனிலிருந்து விரலை எடுத்தேன்.

"இந்தா, ஓரத்துல கறுப்பாத் தெரியிதே. வேலியில மாட்டிக் கிழிஞ்சுது. நீல நூலு இல்லன்னு நாந்தான் கறுப்பு நூல்ல தெச்சேன். அசிங்கமா இருக்குதுன்னு திட்டுனாரு." விரலை நீட்டிக் காட்டினார். நான் ஒரு சாயங்காலம் முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்த அதே கறுப்பு இழுப்பு.

"இத நீங்க அன்னைக்குப் பாத்தீங்களாண்ணா?"

"பாத்தங்கம்மா."

"அப்பறம்?"

"சாக்குன்னு சொன்னாங்க."

"யாரு?"

நான் மூத்தவர் பெயரைச் சொல்லியிருக்கலாம். "எல்லாருந்தான். நானுந்தான்" என்றேன்.

"துண்டுக்குள்ள மூணு தலை தெரிஞ்சுது. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நாப்பதடி தூரம் இருக்குமா அந்த மரம்? ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருப்பேனே. அவரு லுங்கிய நாந்தானண்ணா தொவைக்கிறேன். அவங்களா தொவைக்கிறாங்க?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறவர் மாதிரி கேட்டார். புதன்கிழமை தெரிந்திருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பார்கள். முகம் முகமாக இருந்திருக்கும். வீட்டில் கிடத்தியிருப்பார்கள். தலைமாட்டில் அவர் நின்றிருப்பார். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் வரிசையாகத் தோன்றியது.

வியாழக்கிழமை காலையிலும் இந்தப் படம் என்னிடம் இருந்தது என்பதைச் சொன்னேன். பன்னிரண்டு காப்பி வெட்டிக் கொடுத்தபோது பக்கத்திலேயே இருந்தது என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்னவோ. அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். மறைக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

வெளியே அக்கா, "பஸ் வந்துடும்டி" என்று கூப்பிட்டார்.

"இதப் பெருசாப் போட்டுக் குடுங்க" என்றார் எழுந்துகொண்டே.

"தெளிவா வராதும்மா."

"எனக்குத் தெரியிது."

மறுநாள் அந்தப் படத்தை எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் பிரிண்ட் போட்டேன். பதினோரு மணிக்கு அண்ணன்காரர் வந்து கவரைத் திறந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். மத்தியானம் ஒரு பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ இருந்தது. போய் எடுத்துவிட்டு நாலரைக்குத் திரும்பினேன்.